சாத்தன் என்னும் பெயர்: பழமையும் அருமையும்

தமிழிலக்கணம் கற்றோர் எவரும் மறவாத ஆடவர் இருவர் உளர். ஒருவன் சாத்தன்; மற்றவன் கொற்றன். தொல்காப்பிய உரையாசிரியர் முதல் நன்னூல் உரைகாரர் ஈறாக, எழுவாய்க்கோ வேற்றுமைக்கோ வினைமுற்றுக்கோ எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களிலெல்லாம் இவ்விருவரையே அழைத்தனர். சாத்தன் வருவான், சாத்தன் உண்பான், சாத்தனுக்கு ஒருவர் மகட்கொடை நேர்வார், சாத்தனுடைய ஆடையை வேறொருவர் எடுத்துச் செல்வார். எடுத்துக்காட்டுக்குக் கொள்ளும் பெயர் எல்லார்க்கும் தெரிந்த பெயராக இருத்தல் வேண்டும் என்பது ஆசிரியத் தொழிலின் முதற்பாடம். ஆகவே சாத்தன் என்பது ஒரு காலத்தில் ஊர்தோறும் வழங்கிய பெயர் என்பது தேற்றம்.

அத்துணைப் பழகிய பெயர் இன்று எங்கே? தோட்டப் பள்ளிகளில் நான் பணியாற்றிய முப்பதாண்டுகளில், ஒவ்வோர் ஆண்டும் சனவரியிலோ மார்ச்சிலோ புதிய மாணவர் பெயர்களை வருகைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். முருகன், கண்ணன், சரவணன் வந்தனர். பின்னர் கபிலன், இனியன், மாறன் வந்தனர். இப்பொழுது பொருளே விளங்காத பெயர்களும் வருகின்றன. ஒரு சாத்தனை நான் கண்டதில்லை. இப்பெயர் எவ்வாறு தோன்றிற்று, இதன் பொருள் யாது, இஃது ஏன் அருகிற்று என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆசிரியராகிய நமக்கு இதில் ஒரு கடமையும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

சங்க காலத்துச் சாத்தன்மார்

முதலில் சங்க நூல்களை நோக்குவோம். மணிமேகலை ஆசிரியர் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அவரோடு சாத்தன்மார் கணக்கு முடிந்துவிடவில்லை. ஆடுதுறை மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், மோசி சாத்தனார், பேரிசாத்தனார், அழிசி நச்சாத்தனார், கருவூர்ப் பூதஞ்சாத்தனார் எனப் புலவர் பலர் இப்பெயர் தாங்கியுள்ளனர்.

பாடியவர் மட்டுமல்லர், பாடப்பட்டவருள்ளும் சாத்தன்மார் உளர். பாண்டியன் கீரஞ்சாத்தனை ஆவூர் மூலங்கிழார் பாடியது புறநானூற்றின் 178ஆம் பாட்டு. சோழநாட்டுப் பிடவூர் கிழார் மகன் பெருஞ்சாத்தனை நக்கீரர் பாடியது 395ஆம் பாட்டு. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது 242ஆம் பாட்டு. சூடுவோர் எவருமில்லாத ஊரில் முல்லைக்கொடியே நீ மட்டும் பூத்தனையோ என்று வினவும் அப்பாட்டைக் கல்லூரியிலும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலும் பயின்ற நம்மிற் பலர் இன்றும் நினைவிற் கொண்டிருப்பர். தமிழில் தோன்றிய கையறுநிலைப் பாடல்களுள் தலைசிறந்த ஒன்று, ஒரு சாத்தனுக்காகப் பாடப்பட்டது.

இதற்குப் பெண்பால் சாத்தி. ஒக்கூர் மாசாத்தியார் தம் ஒரே மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பும் மறக்குடித் தாயைப் பாடியவர். ‘மா’ என்பதும் ‘பெரு’ என்பதும் பெருமை குறித்த அடைகள். நச்சாத்தன் என்பதிலுள்ள நகரம், நக்கீரன் என்பதிற் போல, ‘நல்ல’ என்னும் பொருளது. பூதஞ்சாத்தன், கீரஞ்சாத்தன் என்பவற்றில் பூதன், கீரன் என்பன தந்தையர் பெயர். பூதன் மகன் சாத்தன் பூதஞ்சாத்தன் ஆவான்.

இம்முறையை இலக்கணமும் கூறுகிறது. இயற்பெயரோடு தந்தை என்னும் முறைப்பெயர் புணரும்போது சாத்தந்தை, கொற்றந்தை என வரும் என்பதை நாம் கற்பிக்கின்றோம். அஃது உரையாசிரியர் கற்பனையன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பாடிய புலவர் ஒருவரின் பெயரே சாத்தந்தையார். மற்றொரு சுவையான செய்தியும் உண்டு. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாகிய விரவுப்பெயருக்கு நன்னூல் உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டும் சாத்தனே. ஆடவனும் சாத்தன், எருதும் சாத்தன். வீட்டு எருதுக்கும் சூட்டும் அளவுக்கு அப்பெயர் மக்களிடையே பரவியிருந்தது.

கல்லிலும் கலத்திலும்

ஏட்டுச் சான்று ஒருபுறம் இருக்க, மண்ணுக்குள்ளிருந்து வந்த சான்று நம்மை வியப்பில் ஆழ்த்துவது. எகிப்து நாட்டில் செங்கடற் கரையில் குசேர் அல் காதிம் என்றோர் இடம் உண்டு. உரோமர் காலத்தில் மையோசு ஓர்மோசு எனப்பட்ட துறைமுகம் இதுவே என இன்று கொள்ளப்படுகிறது. சிக்காகோ பல்கலைக்கழகத்தார் 1978 முதல் 1982 வரை இங்கு அகழ்ந்தபோது, தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் இரண்டு கிடைத்தன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைப் படித்தார். ஒன்றில் ‘கணன்’ என்றிருந்தது. மற்றதில் ‘சாதன்’ என்றிருந்தது. அக்காலத்தில் இரட்டித்த மெய்யை ஒற்றையாக எழுதும் வழக்கம் உண்டாதலால் இவை முறையே கண்ணன், சாத்தன் என்னும் பெயர்களாம். காலம் ஏறத்தாழக் கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகள்.

அதே செங்கடற் கரையில் தெற்கே உள்ள பெரெனிகே துறைமுகத்தில் 1990களில் கிடைத்த ஓடு ஒன்றில் கொற்றன் என்னும் பெயர் காணப்பட்டது. நம் இலக்கண நூல்களின் இணைபிரியா நண்பர் இருவரும் இவ்வாறு செங்கடற் கரையில் தத்தம் பெயரை விட்டுச் சென்றனர் என்பதை எண்ணும்போது, உரையாசிரியர் எடுத்துக்காட்டு வெறும் சொல்லடுக்கு அன்று, வாழ்ந்த மனிதரின் பெயர் என்பது விளங்கும்.

பிற்காலத்தும் இப்பெயர் நின்று வழங்கிற்று. மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்துக் குடைவரையில் கி.பி. 773ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அதிகாரியாகிய சாத்தங்கணபதி அங்குத் திருப்பணி செய்தான் என்றும், அவன் மனைவி நக்கங்கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்தாள் என்றும் அது கூறும். சாத்தன் மகன் கணபதி சாத்தங்கணபதி. நக்கன் மகள் கொற்றி நக்கங்கொற்றி. இலக்கண ஆசிரியன் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை எங்கே தேடுவான்! சோழர் கல்வெட்டுகளிலும் சாத்தன் என்னும் பெயர் பயின்று வருவதே.

ஊர்ப்பெயர்களோ இன்றும் சான்று பகர்கின்றன. திருமூலர் வரலாற்றில் வரும் இடையன் மூலன் வாழ்ந்த ஊர் சாத்தனூர். திருநீலநக்க நாயனார் ஊர் சாத்தமங்கை. திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே அணை உள்ள இடமும் சாத்தனூர். தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம் உள்ளது. மக்கட்பெயரினின்று மறைந்த சொல் மண்ணின் பெயரில் மறையாது நிற்கிறது.

பெயரின் பொருள்

இனி, பொருளை ஆராய்வோம். அறிஞர் கூறுவன இரண்டு.

முதலாவது, வணிகத்தோடு சார்த்திக் கூறுவது. சாத்து என்பது வணிகர் கூட்டம். மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு சுங்கம் கடந்து செல்லும் சாத்தினைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கள்வர் அச்சமும் காட்டு வழியும் நிறைந்த அந்நாளில் வணிகர் தனித்துச் செல்லார், கூட்டமாகவே செல்வர். அக்கூட்டத்துத் தலைவன் சாத்துவன். கோவலன் தந்தை மாசாத்துவான் என்பது பெருவணிகன் எனப் பொருள்படுவது. கூலவாணிகர் பெயரும் சாத்தன். செங்கடல் சென்றவன் பெயரும் சாத்தன். ஆகவே வணிகப் பொருள் பொருந்துவதே எனலாம். இச்சொல் வடமொழிச் சார்த்த என்பதன் திரிபு என்பர் பலர். தமிழ் வேரினதே என்பாரும் உளர்.

இரண்டாவது, தெய்வத்தோடு சார்த்திக் கூறுவது. சாத்தன் என்பது ஐயனார்க்குரிய பெயர். சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வம் வருகிறது. மாலதி என்பாளின் துயர் தீர்க்கக் குழந்தை வடிவு கொண்ட தெய்வம் அது. வடமொழியிற் சாஸ்தா எனின் கற்பிப்பவன், ஆள்பவன் என்பது பொருள். அமரகோசம் அதனைப் புத்தர் பெயர்களுள் ஒன்றாகவும் கூறும். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ என்னும் நூலில், சாத்தன் என்பது புத்தரைக் குறித்த பெயரே என்றும், பிற்காலத்தில் ஐயனார்க்கு அஃது ஆயிற்று என்றும் வாதித்தார். அவர் முடிபினை எல்லாரும் ஏற்றிலர்.

இவ்விரண்டனுள் எது சரி? என் கருத்தைக் கூறுமுன் ஒரு செய்தியை நினைவூட்டுவேன். பாளி மொழியில் ஆசிரியன் என்னும் பொருளுடைய சொல் சத்தா. வணிகக் கூட்டம் என்னும் பொருளுடைய சொல் சத்த. வடமொழியில் சாஸ்தா, சார்த்த என வேறுபட்டு நின்ற இரண்டும் மக்கள் மொழியில் ஓரொலியாயின. அதனாற்போலும், புத்தரையே சாத்துத் தலைவன் எனப் பாளி நூல்கள் விளிப்பதுண்டு. காட்டு வழியில் கூட்டத்தைக் காத்து அக்கரை சேர்ப்பவன் வணிகத் தலைவன். வாழ்க்கை வழியில் மக்களைக் காத்து அக்கரை சேர்ப்பவன் ஆசிரியன். சிலம்பின் மாசாத்துவானோ, மகனை இழந்தபின் தன் பெரும்பொருளைத் தானமாக ஈந்து பௌத்த விகாரம் புகுந்தான். அவன் பெயரும் அவன் முடிவும் இவ்விரு பொருளையும் ஒருங்கே காட்டுவனபோல் உள்ளன.

ஆயினும் மக்கட்பெயர் என்னும் அளவில் தெய்வப் பொருளே முற்பட்டது என்று நான் கருதுகிறேன். வணிகர் மட்டுமன்றிக் குறுநிலத் தலைவரும் பாண்டியர் குடியினரும் புலவரும் பெண்டிரும் இப்பெயர் தாங்கினர். தொழிற்பெயராயின் இத்துணைப் பரவலுக்கு இடமில்லை. கொற்றவையால் கொற்றனும் கொற்றியும் வந்தாற்போல, ஊர்காக்கும் சாத்தனால் சாத்தனும் சாத்தியும் வந்தனர் எனல் பொருந்தும். எப்படிக் கொள்ளினும் காப்பவன், வழிகாட்டுபவன், கற்பிப்பவன் என்பனவே இப்பெயரின் பொருள்கள். தீமை குறித்த பொருள் ஒன்றேனும் இதில் இல்லை.

அருகியது ஏன்?

இத்துணை நற்பொருளுடைய பெயர் ஏன் அருகிற்று? காரணம் ஒன்றன்று.

பத்தி இயக்கக் காலத்துக்குப் பின் சிவன், திருமால், முருகன் ஆகியோரின் திருப்பெயர்களையும் அடியார் பெயர்களையும் மக்கள் பெரிதும் விரும்பினர். பழைய பெயர்கள் பலவும் மெல்ல மெல்லப் பின்னடைந்தன. ஐயனாரைக் குலதெய்வமாகக் கொண்டோரும் ஐயனார், ஐயப்பன், சாஸ்தா என்றே சூட்டினர். திருநெல்வேலிப் பக்கத்தில் பங்குனி உத்தரத்தன்று குடும்பம் குடும்பமாகச் சாஸ்தா கோயிலுக்குச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. தெய்வம் இருக்கிறது, வழிபாடு இருக்கிறது. தமிழ் வடிவமாகிய சாத்தன் மட்டும் நழுவிற்று.

கேரளத்தில் நிலை வேறு. அங்குச் சாத்தன் என்னும் பெயர் நெடுங்காலம் வழக்கிலிருந்தது; ஆனால் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட உழைக்கும் மக்களிடையே அது தங்கிற்று. 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் அமைச்சராயிருந்த பி.கே. சாத்தன் மாஸ்டர் அம்மக்களின் தலைவர். மேலோர் கைவிட்ட பெயரை உழைப்பாளர் காத்தனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பாண்டியர் குடியில் வழங்கிய பெயர் வயல் வரப்பில் நின்று இருபதாம் நூற்றாண்டு வரை வாழ்ந்தது. அதே நாட்டில் குட்டிச்சாத்தன் என்பது குறும்பு செய்யும் ஆவியின் பெயருமாயிற்று. தமிழ்நாட்டிலும் அது குட்டிச்சாத்தான் என வழங்குகிறது.

இனி, தலையாய காரணம். எபிரேய மொழியில் எதிர்த்து நிற்பவன், குற்றஞ்சாட்டுபவன் என்னும் பொருளில் ஒரு சொல் உண்டு. அது கிரேக்கம் வழியாகப் பிற மொழிகளிற் புகுந்து, தமிழ் விவிலியத்தில் சாத்தான் என எழுதப்பட்டது. அரபு மொழியில் அதன் இனச்சொல் ஷைத்தான். மலாயில் அது சைத்தான், செத்தான் என வழங்குகிறது. இச்சொற்களுக்கும் நம் சாத்தனுக்கும் வேர் வேறு, மொழிக்குடும்பம் வேறு, பொருள் வேறு. ஒலி ஒன்றே அண்மை. ஆனால் பெயர் சூட்டும் தாய்க்கு வேர்ச்சொல் ஆராய்ச்சி வேண்டுவதில்லை; காதில் விழும் ஒலியே வேண்டுவது. நாமோ சாத்தான்குளம் என்பதிற் போலப் பெயரீற்றை நீட்டி ஒலிக்கும் பழக்கமும் உடையோம். குறிலுக்கும் நெடிலுக்கும் இடையிலுள்ள ஒரு மாத்திரையே காவல் தெய்வத்தையும் தீய ஆவியையும் பிரிக்கும் வேலியாயிற்று.

இக்காரணமே வலியது என்பதற்கு ஒரு சான்று காட்டுவேன். 1916ஐ ஒட்டித் தனித்தமிழ் இயக்கம் தோன்றிய பின் சங்கப் பெயர்கள் புத்துயிர் பெற்றன. செழியன், மாறன், பாரி, கபிலன், கீரன் யாவரும் வீடுகளுக்குத் திரும்பினர். சாத்தன் திரும்பவில்லை. பூதனும் திரும்பவில்லை. பேயனார் என்பது ஐங்குறுநூற்றில் முல்லைத்திணையின் நூறு பாடல்களைப் பாடிய புலவர் பெயர். பேயன் என்று மகனுக்குப் பெயரிடுவார் இன்று எவருமில்லை. இம்மூன்று பெயர்களுக்கும் பொதுவாக உள்ளது யாது? இன்றைய காதுக்கு இவை அச்சந்தரும் ஒலியாகக் கேட்கின்றன என்பதே.

நம் கடமை

நிற்க. இவ்வாராய்ச்சியால் யாது பயன் எனின், கூறுவேன்.

நம் வகுப்பறையில் இதன் விளைவு தெரிகிறது. ‘சாத்தன் வந்தான்’ என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் நகைக்கின்றனர். சிலர் அஞ்சுவதுபோல் நடிக்கின்றனர். அந்நகைப்புக்கு அஞ்சி ஆசிரியர் சிலர் சாத்தனை அழித்துவிட்டுக் கண்ணனை எழுதுகின்றனர். ஒருவர் செய்தால் சிறிது. எல்லாரும் செய்தால் ஈராயிரம் ஆண்டுப் பெயர் ஒன்று கடைசிப் புகலிடத்தையும் இழக்கும். வீட்டை விட்டுப் போன பெயர் இலக்கண வகுப்பிலாவது இருக்கட்டும். பிள்ளைகள் நகைத்தால், அதுவே பாடத்துக்கு நல்ல வாயில். செங்கடற் கரைப் பானை ஓட்டின் கதையை ஐந்து மணித்துளியிற் கூறுங்கள். குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் எவ்வாறு மாறும் என்பதையும் அப்பொழுதே காட்டலாம். நகைப்பு அடங்கிக் கண்கள் விரிவதை நான் கண்டிருக்கிறேன்.

பெயர் சூட்டுவது வேறு செய்தி. சில ஆண்டுகளுக்கு முன், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், மணிமேகலையை விரும்பிப் படித்தவர், தம் தலைமகனுக்குச் சாத்தன் எனப் பெயரிட விரும்பி என்னிடம் வந்தார். குழந்தையின் பாட்டியோ, “ஐயா, நாளைக்கு இந்தப் பிள்ளையை ஊரே சைத்தான்னு கூப்பிடுமே, நீங்களாவது சொல்லுங்க” என்று கண்கலங்கினார். பெயரின் பெருமை முழுவதையும் இருவர்க்கும் கூறினேன். பிறப்புப் பத்திரத்தில் உரோமன் எழுத்தில் எழுதும்போது ஓர் எழுத்துக் குறைந்தால் என்னாகும் என்பதையும் மறைக்காமற் கூறினேன். அக்குடும்பம் வேறொரு சங்கப் பெயரைத் தெரிந்துகொண்டது. பாட்டியின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பெயரின் வரலாறு நமக்கு உரியது; அப்பெயரைச் சுமந்து பலர் நடுவே வாழவேண்டியவன் அப்பிள்ளை. பல இனத்தார் பயிலும் இடைநிலைப் பள்ளியில் ஒவ்வொரு நாளும் அவன் விளக்கம் கூறிக்கொண்டிருத்தல் இயலாது.

ஆயினும் வழியே இல்லை என்பதன்று. முன்னோர் சூட்டிய அடைகள் நமக்கு உதவும். மாசாத்தன், பெருஞ்சாத்தன், கீரஞ்சாத்தன் என்பன ஒலியால் ஐயத்துக்கு இடந்தராதவை. சங்கச் சான்றோர் பெயர்களாகவும் நிற்பவை. பெண்மகவுக்கு மாசாத்தி என்பது எத்துணை இனிய பெயர்! கேட்கும் பெற்றோர்க்கு இவற்றை எடுத்துரைப்போம். பதிவிலாகாவில் எழுதும்போது தகரமெய் இரட்டித்து ஒலிப்பது விளங்க எழுத வேண்டும் என்பதையும் உடன் கூறுவோம். தெரிவு அவர்களுடையது, தெரிவிப்பது நம்முடையது.

பெயர் ஒன்று மறைவது, ஒரு மரம் விழுவதுபோல் ஓசையோடு நிகழ்வதன்று. ஒரு தலைமுறை தயங்கும். அடுத்த தலைமுறை நகைக்கும். மூன்றாந் தலைமுறைக்கு அப்படியொரு பெயர் இருந்ததே தெரியாது. சாத்தன் என்னும் பெயரைப் பொறுத்தவரை நாம் இரண்டாம் தலைமுறையில் நிற்கின்றோம். மூன்றாவது வராமற் காப்பது, கற்பிப்பவன் என்னும் பொருளுடைய அப்பெயருக்குக் கற்பிக்கும் தொழிலார் செய்யத்தக்க சிறு கைம்மாறு.